டியூப் லைட்டில் இருந்த எமன்! கண்டுபிடித்தார், ஒரு பெண் டாக்டர்

சென்னை மயிலாப்பூருக்குக் கிழக்கே கடற்கரை ஓரம் இருக்கிறது நொச்சிக்குப்பம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குடியிருப்பு. ரோட்டோரத்தில் மீன் விற்று வந்த பெண்களுக்காக 2024-ம் ஆண்டில் அங்கே ஒரு புதிய மீன் மார்க்கெட் திறக்கப்பட்டது.

மீன் கடை என்றால் நல்ல வெளிச்சம் வேண்டும். மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்துத்தானே வாங்குகிறோம்! ஆனால் மீனுக்கு மேலே தொங்கும் விளக்கு உடைந்து விட்டால்? கண்ணாடித் தூள் அத்தனையும் மீன் மேல் விழும். பார்த்துப் பொறுக்கவும் முடியாது. அதனால்தான் உணவுப் பொருள் விற்கும் இடங்களுக்கு அரசாங்கம் ஒரு விதி போட்டிருக்கிறது. விளக்கு உடைந்தாலும் உணவில் சிதறாதபடி மாட்டியிருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இதற்காகவே டியூப் லைட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது உண்டு. உள்ளே கண்ணாடி நொறுங்கினாலும் துண்டுகள் உறைக்குள்ளேயே நின்று விடும்.

கண்ணாடியை விடுங்கள். டியூப் லைட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளையாக ஒரு பொடி பூசியிருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பியூஸ் போன டியூப் லைட்டைப் பையன்கள் குப்பைமேட்டில் எறிவார்கள். வெடி வெடித்தது போல டமார் என்று சத்தம் கேட்கும். புகை போல வெள்ளைத் தூள் பறக்கும். பையன்களுக்கு ஒரே கும்மாளம்!

ஒரு காலத்தில் அந்த வெள்ளைப் பொடி ஆளைக் கொன்றது. அதைச் சுவாசித்த இளம் பெண்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். உடைந்த டியூப் லைட் குத்தினால் புண் ஆறாமல் கட்டியாக நின்றது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த விஷப் பொடியை விளக்கை விட்டே விரட்டப் பாடுபட்டவர் ஒரு பெண் டாக்டர். அமெரிக்காவைச் சேர்ந்த ஹாரியட் ஹார்டி அம்மையார்.

பள்ளிக்கூட டாக்டர்

ஹார்டி 1906-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ந் தேதி பிறந்தார். ஊர், மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆர்லிங்டன். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெல்லஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் படித்து 1928-ல் பட்டம் பெற்றார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். 1932-ல் டாக்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் பெண் டாக்டர் என்றால் அமெரிக்காவிலும் அபூர்வம். உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக் கொள்ளவே இல்லை. 1945-ல்தான் அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்கள் சேர்ந்து படித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாம் எழுபது ஆண்டு முந்தி!

டாக்டர் பட்டம் பெற்ற ஹார்டிக்குப் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் காத்திருக்கவில்லை. நார்த்பீல்டு என்ற ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டாக்டராக இருந்தார். பிறகு 1939-ல் ராட்கிளிப் பெண்கள் கல்லூரிக்கு டாக்டராக வந்தார். மாணவிகளுக்குச் சளி, காய்ச்சல், வயிற்று வலி. இதுதான் வேலை. ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின.

1945-ம் ஆண்டு. மாசாசூசெட்ஸ் அரசாங்கத்தில் தொழிலாளர் உடல்நலத்தைக் கவனிக்க ஓர் இலாகா இருந்தது. அதில் ஹார்டி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 38. சேர்ந்த சிறிது காலத்திலேயே சேலத்தில் இருந்து ஒரு விபரீதச் செய்தி வந்தது.

அமெரிக்காவிலும் ஒரு சேலம்

நம் சேலம் அல்ல, அமெரிக்காவில் உள்ள சேலம். பாஸ்டனுக்கு வடக்கே உள்ள துறைமுக ஊர். 1692-ல் சூனியக்காரிகள் என்று பழி சுமத்திப் பலரைத் தூக்கில் போட்டார்களே, அதே ஊர்தான்.

அந்த ஊரில் சில்வேனியா கம்பெனி டியூப் லைட் தயாரித்து வந்தது. டியூப் லைட் அப்போது புதுப் பொருள். 1938-ம் ஆண்டில்தான் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது. யுத்தத் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் வேலை. குண்டு பல்பை விடக் குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் கொடுத்த டியூப் லைட்டுக்கு ஏகக் கிராக்கி. ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால் தொழிற்சாலைகளில் இளம் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள்.

டியூப் லைட் எப்படி எரிகிறது? குழாய்க்குள் ஒரு சொட்டுக்கும் குறைவான பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் பாதரச ஆவியில் இருந்து ஒரு கதிர் கிளம்புகிறது. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். அந்தக் கதிர் வெள்ளைப் பொடியில் பட்டதும் பொடி பிரகாசிக்கிறது. நாம் பார்க்கும் வெளிச்சம் பொடியின் வெளிச்சம்தான். பொடி இல்லாவிட்டால் டியூப் லைட் வெறும் கண்ணாடிக் குழாய்.

அந்த நாளில் பொடியில் பெரிலியம் என்ற உலோகத்தைக் கலந்தார்கள். வெளிச்சம் நன்றாக வந்தது. அலுமினியத்தை விட லேசான உலோகம் அது. மரகதக் கல்லிலும் இருக்கிறது. கல்லாக இருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. மோதிரத்தில் மரகதம் அணிந்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பொடியாகிக் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து.

தொழிற்சாலையில் பொடியை எடை போட வேண்டும். கரைக்க வேண்டும். குழாய்க்குள் பூச வேண்டும். காய்ந்த பிறகு ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும். உடைந்த குழாய்களைக் கூட்டி அள்ள வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் தூசி. தூசிதானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

காசம் இல்லை, பிறகு என்ன?

பெண்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். முதலில் வறட்டு இருமல். பிறகு மூச்சு வாங்கும். நாலு படி ஏறினால் நிற்க வேண்டும். உடல் இளைத்து எலும்பும் தோலும் ஆனார்கள். சிலர் இறந்தும் போனார்கள். எல்லோரும் நேற்று வரை ஓடி ஆடியவர்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. காச நோய் என்று நினைத்தார்கள். சளியைச் சோதித்தால் காசக் கிருமி இல்லை! சார்காய்டு என்று ஒரு நோய் உண்டு. அதுவும் நுரையீரலில் இப்படிக் கட்டிகளை உண்டாக்கும். காரணம் தெரியாத நோய். ஆகவே சார்காய்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே ஊரில் பலருக்கு வந்ததால் சேலம் சார்காய்டு என்றே அழைத்தார்கள்.

ஹார்டிக்கு இது சரியாகப் படவில்லை. சார்காய்டு அரிதான நோய். அங்கொருவர் இங்கொருவருக்கு வரும். ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்களை மட்டும் தேடிப் பிடிக்குமா?

இத்தாலியில் ரமஸ்ஸினி என்று ஒரு டாக்டர் இருந்தார். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ம் ஆண்டிலேயே புத்தகம் எழுதியவர். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர். ஹார்டி அந்த வழியில் போனார். நோயாளிகளைத் தேடிச் சென்றார். எந்த அறையில் வேலை? எத்தனை மாதம்? கையில் என்ன பொருள்? துருவித் துருவிக் கேட்டார். வேலையை விட்டுப் போனவர்களையும் விடவில்லை.

அதில்தான் மர்மம் விளங்கியது. வேலை பார்க்கும்போது திடமாக இருந்த பெண், வேலையை விட்டுப் பல மாதம் கழித்து நோயில் விழுந்திருக்கிறாள். சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டு கழித்து வந்திருக்கிறது. ஒருத்தி கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, தொழிற்சாலையையே மறந்திருப்பாள். நோய் அவளை மறக்கவில்லை. இப்படி ஒளிந்திருந்து தாக்கும் நோய்க்குத் தொழிற்சாலைதான் காரணம் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்?

எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. பெரிலியம் கலந்த பொடி.

பெரிலியம் விஷம் என்று ஐரோப்பாவில் சில டாக்டர்கள் 1930-களிலேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்திலும் 1943-ல் ஓர் எச்சரிக்கை வந்தது. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிலியத்தில் விஷம் இல்லை, அதோடு சேர்ந்திருக்கும் அமிலங்கள்தான் கெடுதல் செய்கின்றன என்பது அந்த அறிக்கையின் முடிவு. மத்திய அரசாங்க நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். அதை எதிர்த்து, வேலைக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட டாக்டர் அம்மாள் பேசினால் எடுபடுமா?

ஹார்டி வாயால் பேசிக் கொண்டிருக்கவில்லை. கணக்கோடு எழுதினார். மேலதிகாரி டாக்டர் இர்விங் டேபர்ஷாவுடன் சேர்ந்து, 17 நோயாளிகளின் விவரத்தை 1946-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார், எப்போது நோய் வந்தது என்பது அதில் இருந்தது. அந்தக் கட்டுரை பெரிய பரபரப்பை உண்டாக்கியது.

விளக்குத் தயாரிப்பாளர்கள் உடனே ஒத்துக் கொள்ளவில்லை. ஒத்துக் கொண்டால் நஷ்டஈடு கேட்பார்கள். பொடியை மாற்ற வேண்டும். பணச் செலவு. விவாதம் இரண்டு மூன்று ஆண்டு நடந்தது. அதற்குள் வேறு இடங்களில் இருந்தும் செய்திகள் வந்தன. ஒகையோ மாநிலத்தில் லோரைன் என்ற ஊரில் பெரிலியத் தொழிற்சாலை இருந்தது. அதற்குள் காலே வைக்காத அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் நோய் வந்தது. காற்றில் தூசி வந்திருக்கிறது. புருஷனின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிக்கும் நோய்! இதற்கு மேல் யார் மறுக்க முடியும்?

கையில் குத்திய கண்ணாடி

டியூப் லைட் வாங்கியவர்களுக்கு என்ன ஆபத்து? விளக்கு முழுதாக இருக்கும் வரை ஒன்றும் இல்லை. பொடி உள்ளே அடைபட்டிருக்கிறது. உடைந்தால்தான் வினை.

உடைந்த டியூப் லைட் கையைக் கீறினால், கண்ணாடியோடு பொடியும் காயத்துக்குள் போனது. சாதாரணக் காயம் ஒரு வாரத்தில் ஆறும். இது ஆறாது. ஆறினாலும் சில மாதம் கழித்து அதே இடத்தில் கட்டி கிளம்பும். அறுத்து எடுத்தால்தான் விமோசனம். கடைக்காரர்கள், குப்பை அள்ளுவோர், விளையாட்டாக உடைத்த சிறுவர்கள் என்று பலர் இப்படி அவதிப்பட்டார்கள்.

கடைசியில் 1949-ம் ஆண்டில் அமெரிக்க விளக்குக் கம்பெனிகள் பணிந்தன. டியூப் லைட் பொடியில் இனிப் பெரிலியம் சேர்ப்பது இல்லை என்று முடிவு செய்தன. மாற்றுப் பொடி கைவசம் இருந்தது. 1942-லேயே இங்கிலாந்தில் மெக்கீக், ரான்பி என்ற இருவர் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் கலந்த பொடி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏறக்குறைய நம் எலும்பில் இருக்கிற அதே சரக்கு! அது நன்றாக ஒளி வீசியது. விஷமும் இல்லை. அதன் பிறகு பல பத்து ஆண்டுகள் டியூப் லைட்டுகளில் இருந்தது பெரும்பாலும் இந்த வகைப் பொடிதான்.

ஆகவே, வாசகர்களே, இன்று உங்கள் வீட்டில் இருக்கும் டியூப் லைட்டில் பெரிலியம் இல்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பாதரசம் இருக்கிறது! புதிய குழாய்களில் சில மில்லி கிராம். பழைய குழாய்களில் அதைப் போலப் பல மடங்கு. பாதரசம் என்ன செய்யும் என்று மீனவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனில் விஷம் ஏறியது. மீனைத் தின்ற மீனவர் குடும்பங்களுக்குக் கை கால் இழுத்துக் கொண்டது. கண் தெரியாமல் போயிற்று. 1956-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. நம் தமிழ்நாட்டிலும் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசத் தகராறில் 2001-ல் மூடப்பட்டது.

ஒரு டியூப் லைட் உடைந்தால் கடல் கெட்டு விடாது. பதறவும் வேண்டாம். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். முதலில் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னல்களைத் திறந்து, மின் விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் அந்த அறைக்குப் போகாதீர்கள். பாதரச ஆவி வெளியேறட்டும். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்து எடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் தூள் பறக்கும். சின்னத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். அப்புறம் ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குப்பை வண்டி வரும்போது, இது உடைந்த டியூப் லைட் என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். சொல்லாமல் மற்றக் குப்பையோடு கட்டிப் போட்டால் துப்புரவுத் தொழிலாளியின் கைதான் கிழியும்.

உடையாத பழைய குழாயையும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். அதை உடைத்துக் குப்பைத் தொட்டிக்குள் திணிப்பது கெட்ட வழக்கம்.

நோயாளிகளின் பெயர்ப் பதிவேடு

ஹார்டியின் கதைக்கு வருவோம். பொடியை நிறுத்தியாகிவிட்டது. ஏற்கெனவே சுவாசித்தவர்கள்? அவர்களை யார் கவனிப்பது?

1947-ல் பாஸ்டன் நகரில் உள்ள மாசாசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் தொழில் நோய்களுக்கென்றே ஒரு பிரிவை ஹார்டி ஆரம்பித்தார். சேலம் பெண்கள் அங்கே வந்தார்கள். நோயைத் தீர்க்க மருந்து இல்லை. 1950-க்குப் பிறகு கார்ட்டிசோன் என்ற மருந்து வந்து, மூச்சுத் திணறலைக் குறைத்தது. பலர் அதனால் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

1952-ல் ஒரு பெரிய காரியம் தொடங்கியது. பெரிலிய நோய் வந்தவர்கள் அமெரிக்காவில் எங்கே இருந்தாலும் அவர்கள் விவரம் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும் என்று ஹார்டி ஏற்பாடு செய்தார். எந்தத் தொழிற்சாலை, எத்தனை காலம் வேலை, நோய் எப்படிப் போயிற்று, எப்போது மரணம். அத்தனையும் எழுதப்பட்டது. நோயாளிகளின் விவரங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. பிற்காலத்தில் விஞ்ஞானிகளுக்கு அந்தப் பதிவேடு ஒரு பொக்கிஷமாக உதவியது. தனியாக ஒரு டாக்டரிடம் ஒரு நோயாளி போனால் அது ஒரு சாவு; அவ்வளவுதான். சேர்த்து எழுதினால்தான் அது சாட்சி ஆகிறது. ஹார்டி செய்த வேலைகளில் இதுவே பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்குப் பொடியை எப்படியும் ஒரு நாள் மாற்றியிருப்பார்கள். ஏழைத் தொழிலாளிகளின் பெயரை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

இதற்கு நடுவே ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாருடன் ஹார்டி சேர்ந்து வேலை செய்தார். தொழில் நோய் மருத்துவத்துக்கு அமெரிக்காவில் வழி போட்ட மூதாட்டி அவர். 1919-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முதல் பெண் ஆசிரியராக அமர்ந்தவர். தொழிற்சாலை விஷங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை, இருவரும் சேர்ந்து திருத்தி 1949-ல் மறுபடி வெளியிட்டார்கள். ஹாமில்டன் 101 வயது வரை வாழ்ந்து 1970-ல் காலமானார்.

அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமாசிலும் ஹார்டி சிறிது காலம் வேலை செய்தார். அணு ஆயுதத்துக்கும் பெரிலியம் வேண்டும். விளக்குத் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய விஷம் அணுத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அங்கே வேலை செய்வோர் எவ்வளவு தூசி வரை சுவாசிக்கலாம் என்று ஓர் அளவு வேண்டியிருந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோ கிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இரண்டு பங்கு. 1949-ல் இந்த அளவு நடைமுறைக்கு வந்தது. இதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? இரண்டு நிபுணர்கள் டாக்சியில் போகும்போது பேசித் தீர்மானித்தார்கள்! அதனால் டாக்சி அளவு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு அளப்பவர்கள் கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

1971-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஹார்டியைப் பேராசிரியர் ஆக்கியது. ஒரு பெண் அந்தப் பதவியில் அமர்வது அங்கே மிக அபூர்வம். அப்போது அவருக்கு வயது 64. ஓய்வு பெறும் வயதில் மாலை போட்டார்கள்!

ஹார்டி கல்யாணம் செய்து கொள்ளவில்லை. பிற்காலத்தில் மூளையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்து கொண்டார். ஆனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1983-ல் தம்முடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். மனிதன் உண்டாக்கிய நோய்களோடு போராடியது பற்றிய நூல் அது. 1993-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந் தேதி, 87-வது வயதில் காலமானார்.

டாக்சியில் பேசிய அந்த 2 மைக்ரோ கிராம் அளவு ஏறத்தாழ எழுபது ஆண்டு சட்டமாக நின்றது. 2017-ல்தான் அமெரிக்க அரசாங்கம் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மினமாட்டா ஊரின் பெயரால் உலக நாடுகள் 2013-ல் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆன பாதரச டியூப் லைட்டுகளைத் தயாரிப்பதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் 2027-ம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்திவிடுவது என்று அந்த நாடுகள் 2023-ல் தீர்மானித்தன.